மீன் கட்லட் பொரித்த எண்ணெய்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு எதைச் செய்தாலும் பிழையாகிவிடுமோ என்ற பயம். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பரீதாவைப் போன வருடம் நோன்பு துறக்கக் கூப்பிட்டேன். கடை இறைச்சி அவர்கள் முறைப்படி அறுத்ததோ தெரியாது என்று பயந்து மீன் கட்லட் செய்தேன். "மீனை அறுக்கத் தேவையில்லை அக்கா, அது ஹலால்தான்" என்று அவளே சொல்லியிருந்தாள்.

பேரீச்சம்பழத்தில் நோன்பு துறந்து, அவள் கட்லட்டைக் கடித்த நேரம் குசினிக்குள்ளிருந்து என் கணவர் கத்தினார்.

"இஞ்சரும், ஞாயிற்றுக்கிழமை பண்டி இறைச்சி பொரிச்ச எண்ணெயெல்லாம் முடிஞ்சுதே?"

எனக்கு உயிரே போய்விட்டது. பன்றி இறைச்சி பொரித்த அந்த எண்ணெயில்தான் கட்லட்டையும் பொரித்திருந்தேன். நான் மறந்தே போனேன். பரீதா வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள். நான் அழ, அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"தெரியாமல் திண்டது குற்றமில்லை அக்கா. அழாதேங்கோ."

அதற்குப் பிறகு அவள் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது யாருக்குச் சமைத்தாலும் எண்ணெய், சட்டி, கரண்டி எல்லாவற்றையும் முதலில் யோசிக்கிறேன். பரீதாவுக்கென்று புதுச் சட்டியும் வாங்கினேன். வேலியடியில் அதைச் சொன்னபோது, "பாப்பம் அக்கா" என்றாள். இந்த வருட நோன்பும் முடியப்போகிறது.