எதிர்வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

வம்புக்காரியாம்! என் மருமகளை அப்படிச் சொல்கிறவர்கள் என் எதிரில் வந்து சொல்லட்டும். வீடு வீடாகப் போய், குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. கேட்காமல் என்ன செய்வாள்?

நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடுவாள். சிரித்தால் விக்கல் வரும்.

நம் ஜனங்களுக்கோ வந்தவளிடம் குறை சொல்ல வாய் வராது. குழாய் காற்றைத் துப்பிக்கொண்டிருக்கும். பக்கத்தில் காலிக் குடம். "ரொம்ப நல்லா வருதும்மா, முதல்ல நீ தண்ணி குடி" என்பார்கள். அந்தத் தண்ணீரே அடுத்த தெருவில் பிடித்ததாக இருக்கும்!

இவள் பார்த்தாள். "உங்க வீட்டை விடுங்கக்கா, எதிர்வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மடை திறந்தது. "அவங்களா? சேறுதான் வருதாம். குளிக்காமலே வேலைக்குப் போறாங்க, பாவம்!" எதிர்வீட்டில் கேட்டால் இந்த வீட்டு வண்டவாளம். தெருவே ஒன்றைப் பற்றி ஒன்று சொல்லித் தீர்த்துவிட்டு, பழியை இவள் தலையில் போட்டது.

மேலதிகாரிக்கும் சந்தேகம். "நேத்து வரைக்கும் தேனு, இன்னிக்கு எல்லாம் சேறா? வீட்டுல உக்காந்து நீயே எழுதினியா?" பொய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு, நேரில் விசாரிக்க வந்தார். கூடவே நானும் படியேறினேன். என்னை யார் தடுப்பது?

கதவுக்குக் கதவு ஒரே பதில்: "தண்ணிக்கு என்ன சார், அருமையா வருது. உள்ள வாங்க, உக்காருங்க." மருமகள் அடுத்த கதவைத் தட்டினாள்.

கடைசியில், இவள் முதலில் கேட்ட வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. "இவளா? ஆளை விடுங்க சார்! அடுப்புல பால் இருக்குங்கறேன், இன்னும் ஒரே ஒரு கேள்வி, அக்காங்கறா. பாத்திரமே கரிஞ்சு போச்சு! எதிர்வீட்டைப் பத்திக் கேட்டா, சேறுன்னு உள்ளதைச் சொன்னேன்."

எதிரே இருந்த கதவு படாரென்று திறந்தது. "என் வீட்டை ஏண்டி இழுக்கறே? உன் குழாய்ல புழுவே வருதே!" மேல்மாடியும் கீழ்மாடியும் சேர்ந்துகொண்டன. சேறு, புழு, துரு, நாற்றம்! மேலதிகாரி காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். "போதும்மா, நம்பறேன். அடுத்த தெருவையும் நீயே பாரு."

மருமகள் எதிர்வீட்டுக்காரியின் கன்னங்களைப் பிடித்து நச்சென்று ஒரு முத்தம் வைத்தாள். திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நிற்க, இவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல் வாசலைத் தாண்டி ஓடினாள்.