நட்டவர்களுக்கே அறுப்பு

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்ததும் எங்கள் ஊர் பிழைத்துக்கொண்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது பொய் என்பதால் இல்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை முழு உண்மை. ரோட்டோரக் கழனியை அப்பா ஒரு கம்பெனிக்கு விற்றார். ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. நிலம் கொடுத்த குடும்பம் என்று அண்ணனுக்கு அங்கேயே வேலையும் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கழனியில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடவு நட்டவள் ஒருத்தி உண்டு. ஊர்க்கோடியில் குடிசை. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். யார் நட்டார்களோ அவர்களைத்தான் தை மாதம் அறுப்புக்குக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நடவுக்குக் கூலி சொற்பம். அறுப்புக்குத்தான் நெல்லாக அளப்பார்கள். அந்த நெல்தான் அவள் வீட்டில் மழைக்காலம் வரை உலையில் விழும்.

கழனி போனதும் அவள் கம்பெனி கட்டடத்துக்குச் சித்தாளாகப் போனாள். அன்றாடம் கையில் காசு, காலையில் டீக்கடை நாஷ்டா, பிள்ளைகளுக்கு ரிப்பன். பார்க்க எங்களுக்கே சந்தோஷமாக இருந்தது. புரட்டாசியில் அடுத்த ஊர்க்காரர் நடவுக்குக் கூப்பிட்டு அனுப்பியும் அவள் போகவில்லை.

“கட்டடம் முடியப் போவுதும்மா. இப்ப உட்டுட்டுப் போனா, தொறக்கசொல்ல நம்மள எப்டிக் கூப்புடுவாங்க?” என்று என் அம்மாவிடம் கேட்டாள்.

கட்டியவர்களைத்தான் உள்ளே வேலைக்கு வைப்பார்கள் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. அம்மாவும் ஆமாம் போட்டாள். எங்கள் வீட்டுக்கும் அந்த ஒரு வழக்கம்தான் தெரியும்.

திறப்பு விழா அன்று தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, தன்னோடு கல் சுமந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். மேளம் கொட்டியது, கார்கள் போயின. வெளியூரில் படித்த பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போனார்கள். மத்தியானம் வெளியே வந்த அண்ணனை அவள் நிறுத்தினாள்.

“இன்னா நைனா, எங்கள எப்போ கூப்புடுவாங்க?”

“கட்டட வேலைதான் முடிஞ்சுபோச்சே. உள்ள இருக்கறது மெஷின் வேலை.”

“நாங்கதான கட்னோம்?”

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தான்.

தை பிறந்ததும் அவள் அடுத்த ஊர்க் கழனிக்குப் போய்ப் பார்த்தாள். நடவுக்கு வராதவளுக்கு அறுப்பு ஏது என்று அங்கே நட்ட பெண்களே மறித்துவிட்டார்கள். அது அவளே காலமெல்லாம் பேசிய நியாயம். சண்டை போடாமல் திரும்பி வந்தாள்.

கம்பெனி ஆட்கள் குடியேறியதில் கடையில் அரிசி விலை ஏறிக் கிடந்தது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு மரக்கால் நெல் கிடைக்குமா என்று கேட்டாள்.

“நெல்லு ஏது? எங்க ஊட்லயும் இப்ப கடை அரிசிதான்,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே கூசிப்போனாள். “நாளைலருந்து பாத்திரம் தேய்க்க வா, மாசம் சம்பளம் குடுக்கறேன்.”

அவள் சரி என்று தலையாட்டினாள்.

“சம்பளத்த அரிசியாவே குட்த்துடும்மா. காசு கைல நிக்கமாட்டேங்குது.”

எங்கள் நெல்லை விளைவித்தவள் அவள். அவளுக்குக் கொடுக்க அண்ணன் கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்தான்.