இடது கைக்கு ஒரு கம்ப்யூட்டர்

அக்காவுக்கு வலது கை விழுந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்டா" என்றாள். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "யாருக்குக்கா?" என்று கேட்டேன். "எனக்குத்தான். நீங்களும் பொழங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இடது கையால் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்லியனூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, புதுச்சேரியில் ஒரு வயதான வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்வந்தாள். அந்த வக்கீல் கடைசிவரை டைப்ரைட்டரை விடவில்லை, அதனால் அவளும் விடவில்லை. ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிச் சேலை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். பேச்சு திரும்பியது. நடையும் திரும்பியது, கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான். வலது கை விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. டைப்பிங்கைப் பற்றி அதன்பிறகு அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

பிரான்ஸில் இருக்கும் எங்கள் அண்ணனுக்கு விஷயம் போனது. உடனே அக்காவுக்குப் போன் செய்தார். "இங்கேருந்து நல்ல லேப்டாப்பா அனுப்புறேன், கடைக்கெல்லாம் ஏன் அலையுற?" என்றார்.

"வேணாம்ண்ணே. அங்க கீபோர்டுல எழுத்தெல்லாம் எடம் மாறிக் கெடக்கும். ஏ இருக்கற எடத்துல க்யூ இருக்கும். என் விரலுக்கு இனிமே புதுசா பழக முடியாது. லேப்டாப்புன்னா குனிஞ்சிக்கினே வேற இருக்கணும். ஒரு பக்கமா சாஞ்சா எனக்குத் தோள் வலிக்குது."

இவ்வளவையும் அவள் எப்போது யோசித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இதைத்தான் யோசித்திருக்கிறாள்.

தவளக்குப்பம் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. நான்தான் அவளை வண்டியில் கூட்டிப்போனேன். கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதலில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடியது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று.

"இந்த லைட்டு இன்னாத்துக்குப்பா?" என்றாள் அக்கா.

"கேம் ஆடுறவங்களுக்குக்கா. அழகா இருக்கும்."

"அப்ப எனக்கு வேணாம். எங்கூட்டுல கேம் ஆட ஆள் இல்ல."

அடுத்து விலை குறைந்த ஒன்றைக் காட்டினார். அவள் அதை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். திரை வருவதற்குள் பக்கத்தில் சாமான் வாங்க நின்ற ஒருவருக்கு டீ வந்து, அவர் குடித்தும் முடித்துவிட்டார். "இதுவும் வேணாம். எனக்கு அடிக்கவே நேரமாவும், இது வேற தூங்கி எழுந்திரிக்கணுமா?" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, நடுத்தர விலையில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். அது சட்டென்று விழித்துக்கொண்டது. திரையை ஏற்றி இறக்கிக் கண்ணுக்கு நேராக வைக்க முடிந்தது. பிறகு வேண்டுமானால் மெமரி கூட்டிக்கொள்ள உள்ளே இடமும் இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மவுச இந்தப் பக்கம் வை. பட்டனையும் மாத்திக் குடு." அதை அவர் செய்து கொடுத்தார். கீபோர்டு மேசையில் நழுவியது. கொஞ்சம் கனமான வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பழைய டைப்ரைட்டர் மாதிரியே தமிழ் வருமா?" வரும் என்று அதற்கான மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். அவள் அடிக்க ஆரம்பித்தாள். எழுத்து வந்தது. ஷிப்ட் போட வேண்டிய எழுத்து வந்ததும் கை நின்றுவிட்டது. ஷிப்டையும் தள்ளி இருந்த எழுத்தையும் ஒரே கையால் ஒன்றாக அமுக்க முடியவில்லை. கட்டைவிரலை நீட்டிப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"டைப்ரைட்டர்ல லாக் ஒண்ணு இருக்கும். அமுக்குனா அப்பிடியே நிக்கும்" என்றாள் மெதுவாக.

கடைக்காரர் கேப்ஸ் லாக்கைக் காட்டினார். இந்தத் தமிழுக்கு அது உதவவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவளோ எரிச்சலில் ஷிப்டை மட்டும் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தத்தோடு திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது.

"இது அடிக்கடி வர்ற தொந்தரவுக்கா. நோ குடுத்துருங்க" என்று கடைக்காரர் மவுசுக்குக் கை நீட்டினார்.

"இருப்பா. அது இன்னா கேக்குதுன்னு பாப்போம்."

இங்கிலீஷில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். ஷிப்டு போன்ற விசைகளைச் சேர்த்துப் பிடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிக்கொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. அவள் திரும்பிக் கடைக்காரரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எஸ் கொடுத்தாள். ஷிப்டை ஒரு தட்டு. கையை எடுத்தாள். அந்தப்பக்கம் போய் எழுத்தை ஒரு தட்டு. எழுத்து வந்தது.

"அட" என்றார் கடைக்காரர். "இத்தினி நாளா இத மூடிக்கினே இருந்தேன்க்கா."

"உனக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே" என்று சொல்லி அக்கா சிரித்தாள். பக்கவாதம் வந்தபிறகு அவள் முகம் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும். அன்று அது எனக்குத் தெரியவே இல்லை.

அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் வாங்கினோம். அண்ணனோடு முகம் பார்த்துப் பேச ஒரு கேமராவும், மழைக்காலத்தில் கரண்ட் போவதற்காக ஒரு யூபிஎஸ்ஸும் சேர்த்துக்கொண்டோம். அந்த இரண்டையும் ஞாபகப்படுத்தியதும் அவள்தான். என் மனைவி மேசையை ஜன்னல் பக்கம் போட்டுவைத்தாள். கரண்ட் பில் கட்டுவதும், என் மகள் பாடம் பார்ப்பதும் அதில்தான். மகள் உட்காரும்போது, கையை எடுத்தாலும் விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஷிப்டைத் திட்டுவாள், மவுசை வலது பக்கம் மாற்றுவாள். எழுந்திருக்கும்போது மறக்காமல் அத்தைக்குத் திருப்பி வைத்துவிடுவாள்.

அக்கா தினமும் மத்தியானம் உட்கார்ந்தாள். முதலில் ஒரு பக்கம் அடிக்கவே சாயங்காலம் ஆகிவிடும். தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருப்பாள். மறுநாள் மறுபடி உட்காருவாள். உதவிக்கு வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "நீ டீ போட்டாந்தா அதுவே உதவி" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் சீராயிற்று. அடுத்த அறையில் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் என் வேலையை மறந்துவிட்டிருக்கிறேன்.

எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பாடல் தாள்களைப் புதிதாக அடிக்க வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் பேச்சு வந்தது. வெளியே கொடுக்கலாம் என்றார்கள். "நான் அடிச்சித் தரேன்" என்று அக்கா எழுந்து நின்று சொன்னாள். பழைய தாள்களை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். கொடியேற்றத்துக்கு முன்பே முடித்துக் கொடுத்தாள். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடம்விட்டு, வயதானவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி.

திருவிழா பூசையில் கோயில் முழுக்க அந்தத் தாள்தான் இருந்தது. எல்லாரும் பாடினார்கள். நான் வரிகளைப் பார்த்தபடி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் பக்கம் இருந்த அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டாள். பாட்டு முடிந்ததும் போய்க் குனிந்தேன்.

"மூணாவது பாட்டுல ஒரு புள்ளிய வுட்டுட்டேன்டா" என்றாள் காதருகில். "யாருனா பாத்தாங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.