எவ்வளவு தண்ணீர்

அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தின் மேல் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் எழுதியிருந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அண்ணியின் கையில் அப்படி மூன்று பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூலை மாதக் காலை. நாட்டின் தலைநகரில், கிட்வாய் நகரில் அண்ணனுடைய அரசுக் குடியிருப்பில் தங்கி, ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். அண்ணன் அலுவலக வேலையாகச் சண்டிகர் போயிருந்தார். அவருடைய ஒன்றரை வயது மகளுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. "தண்ணியில கரைச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க அண்ணி" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

அண்ணி திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காய்கறி வண்டிக்காரரை, இந்தியில் அண்ணன் என்ற பொருளில், "பையா" என்று கூப்பிட்டு, மிச்சத்தை விரல்களால் பேசி முடித்துவிடுவார். இந்தி எழுத்துச் சொல்லித் தரும்படி என்னிடம் இரண்டு முறை கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

அன்று பதினோராம் வகுப்புக்குக் கரைசலின் செறிவு பற்றிய பாடம். இரண்டு பீக்கர்களில் ஒரே அளவு மயில்துத்தம் போட்டேன். ஒன்றில் கால் பங்கு தண்ணீர், மற்றதில் முழுக்க. ஒன்று கருநீலம், மற்றது வெளிர்நீலம். "உப்பு எவ்வளவு என்பது மட்டும் போதாது, எவ்வளவு தண்ணீரில் என்று கேட்க வேண்டும்" என்றேன். பிறகு கருநீலத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய், இரண்டையும் ஒரே நிறமாக்கிக் காட்டினேன். மிக எளிது.

மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது குழந்தையின் அழுகை மாடிப்படியிலேயே கேட்டது. நாக்கு வறண்டு, உதடு வெடித்திருந்தது. "தண்ணி தண்ணின்னு கேக்கா தம்பி. ரெண்டு பொட்டலம் குடுத்துட்டேன், தாகம் அடங்கவே மாட்டேங்கு" என்றார் அண்ணி. சமையல் மேடையில் சின்ன எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஒரு லிட்டரில் கரைக்க வேண்டிய பொட்டலத்தை அந்த டம்ளரில் கரைத்திருந்தார். வெறும் தண்ணீர் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது என்று நினைத்து, கேட்கக் கேட்க அதையே ஊட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதே குழந்தைக்கு வலிப்பு வந்தது.

"கித்னா பானி?" என்று கேட்டார் டாக்டர். "எவ்வளவு தண்ணி?" என்று நான் தமிழில் சொன்னதும் அண்ணி விரல்களால் டம்ளரின் உயரத்தைக் காட்டினார். ரத்தத்தில் உப்பு மிக அதிகம், அதை வேகமாகக் குறைத்தால் மூளை வீங்கிவிடும், சொட்டுச் சொட்டாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். காலையில் பீக்கரில் தண்ணீரை ஊற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி சேலைத் தலைப்பைக் கடித்தபடி சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டிகரிலிருந்து ஓடி வந்த அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கேட்டார்: "நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானடா? ஒரு லிட்டர்னு சொல்லிட்டுத்தானே போன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார். "தம்பி சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

நான் மறுக்கவில்லை. மறுக்க ஒரு நொடிதான் இருந்தது, அது போய்விட்டது. அண்ணன் பல மாதங்கள் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தை பிழைத்தாள். ஆனால் போன பேச்சு திரும்பி வர ஐந்து வயதாயிற்று. இடது காலை இன்றும் இழுத்துத்தான் நடக்கிறாள். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் எல்லாரும் அண்ணியின் கவனக்குறைவைப் பற்றிப் பேசினார்கள். அப்போதெல்லாம் நானும் அதே அறையில் இருந்தேன்.

அண்ணன் ஓய்வு பெற்று அவர்கள் திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். சென்ற மாதம் போனில் கேட்டேவிட்டேன்: "அண்ணி, அன்னிக்கு நான் ஒரு லிட்டர்னு சொல்லவே இல்லியே. ஏன் அப்படிச் சொன்னீங்க?"



"அண்ணன்கிட்ட நீங்களே உண்மையச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றார். பிறகு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.