ரோமமில்லாத நாயின் சூடு

நாய் வந்த அன்று செவிலிமேட்டு டீக்கடைக்காரர் கேட்டார்: "எந்தக் கோயில்ல சார் மொட்ட போட்டீங்க? வேண்டுதல் உங்களுதா, அதோடதா?"

பெங்களூரில் மகள் வாங்கி வளர்த்த நாய். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் கூடையில் வைத்துக் கொண்டுவந்து என்னிடம் விட்டுப் போனாள். சைனீஸ் கிரெஸ்டட் இனம். நான்கு கிலோ. தலையிலும் பாதங்களிலும் வால் நுனியிலும் கொஞ்சம் வெள்ளை முடி. மற்றபடி வெறும் தோல், வெந்த சேப்பங்கிழங்கின் நிறம், நடுநடுவே சாம்பல் திட்டு. கடைவாய்ப் பற்கள் பாதி கிடையாது. இந்த இனத்துக்கு முடியும் பல்லும் சேர்ந்தே குறையுமாம். நாக்கு எப்போதும் ஒரு பக்கமாக வெளியே கிடக்கும், எதையோ சொல்ல வந்து மறந்ததைப் போல.

மகள் எழுதிய தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. வாரம் ஒரு குளியல். துடைத்ததும் வாசனையில்லாத களிம்பு. எண்ணெய் கூடவே கூடாது. வெயிலில் பருத்திச் சட்டை, பனியில் ஸ்வெட்டர். படித்தால் ஒரு கைக்குழந்தைக்கு எழுதியதைப் போல இருந்தது. எனக்கோ ஐம்பத்திரண்டு வயது, தனியாள், ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவன். பஸ் ஜன்னலோரம்தான் எனக்கு எழுத வரிகள் வரும். திருமுக்கூடலில் ஆறுகள் சேரும் மணலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாய் வந்தபிறகு செருப்பை மாட்டினால் அது கதவோரம் வந்து நின்று நடுங்கியது. நான் செருப்பைக் கழற்றினேன். இரண்டு மாதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று விசாரித்ததில் வேலூரில் ஒருவர் கிடைத்தார். இதே இனத்தில் ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, என் புத்தகத்தின் அச்சுப் படிகளைத் திருத்த சென்னை போகவேண்டியிருந்தது. நாயைக் கீழ்வீட்டு அம்மாவிடம் விட்டேன். வீட்டுக்குச் சொந்தக்காரர்; புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் முடிப்பவர். நாயை முதலில் பார்த்ததும், "தலையிலயும் வாலுலயும் குஞ்சம் கட்டி உட்டுட்டு நடுவுல நெய்ய மறந்துட்டான் பாரு" என்று சிரித்தவர். எப்போது சோறு, எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை மாலை திரும்பியபோது நாய் மஞ்சளாக இருந்தது. கழுத்திலிருந்து வால்வரை காய்ந்து வெடித்த சந்தனம்.

"ஜுரம் சார் அதுக்கு. உடம்பு அனலா கொதிச்சிக்கினு இருக்குது. நீங்க பாட்டுக்கு உட்டுட்டுப் போய்ட்டீங்க" என்றார்.

அதற்கு ஜுரம் இல்லை. நாய்க்கு உடம்புச் சூடு நம்மைவிட அதிகம். மற்ற நாய்களில் ரோமம் அதை மறைத்துவிடும். இதைத் தொட்டால் சுடுநீர்ப் பையைத் தொட்டாற்போல் இருக்கும். இது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்: மொட்டை போட்ட பிள்ளையின் தலைக்குக் குளிர்ச்சியாகப் பூசுவதை இதற்கு உடம்பு முழுக்கப் பூசியிருக்கிறார். கடையில் வாங்கிய சந்தன வில்லைகள். சட்டை போட்டால் சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று சட்டையைக் கழற்றி, காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் உட்கார வைத்திருக்கிறார்.

கழுவினேன். அடியில் முதுகு முழுக்கச் சிவந்த தடிப்புகள். காலைக்குள் சில உடைந்து நீர் வடிந்தது.

ஞாயிறு காலை கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் போனோம். நாய் அந்த அம்மாவின் மடியில்தான் இருந்தது. "என் பேரனுக்கு இதே சந்தனந்தான் பூசினேன். ஒண்ணும் ஆவலயே" என்றார்.

"பேரனுக்குத் தலையில மட்டும் பூசினீங்க. நெழல்ல இருந்திருப்பான்" என்றார் மருத்துவர். "வில்லையில வாசனைக்கு என்னென்னவோ கலக்கறாங்கம்மா. அதோட வெயில் வேற." களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்று வேளை, புள்ளி புள்ளியாக.

மதியம் வேலூர்க்காரர் வந்தார். கையில் புதுக் கூடை. நாயைப் பார்த்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"சார், இது ஒட்டுற மாதிரி இருக்குதே. எங்க வீட்ல இன்னொண்ணு இருக்குது."

மருத்துவர் சீட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்த இனத்தைப் பற்றி ஒரு வாரமாக எனக்குத் தொலைபேசியில் பாடம் எடுத்தவர் அவர்.

படியேறி வந்த கீழ்வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்தார். "ஒட்டுதா? காலைல இருந்து மடியில வெச்சினு இருக்கேன். எனக்கு ஒட்டிச்சா? நல்லா பாருப்பா. நான் பூசின சந்தனம் அது. தப்பு என்னுது, ஒட்டுற நோவு எதுவும் அதுக்கு இல்ல."

"ஆறட்டும்மா. இருபது நாள் கழிச்சு வரேன்" என்று கூடையோடு இறங்கிப் போனார். நான் தடுக்கவில்லை. களிம்பு போடும் நேரம் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

இருபது நாளும் எங்கேயும் போகவில்லை. விரல் நுனியில் தொட்டு ஒவ்வொரு தடிப்பாகத் தடவுவேன். அதன் முதுகில் எந்தச் சாம்பல் திட்டு எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியும். மூன்றாவது வாரம் விரலுக்குத் தடிப்பு தட்டுப்படவில்லை. வெறும் சூடு.

வேலூர்க்காரர் தொலைபேசியில் கேட்டார்: "ஆறிடுச்சா சார்?"

"இன்னும் ஆறலை" என்றேன்.

"எப்போ ஆறும்?"

"சொல்ல முடியாதுங்க. வேற எடம் பாத்துக்குங்க."

மறுநாள் மறுபடி சென்னை. நாயைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்து, இந்தமுறை முதலில் அதைத்தான் சொன்னேன்: "அம்மா, இது எப்பவுமே சூடாத்தான் இருக்கும்."

"தெரியும் சார்" என்று அதைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "நீங்க கெளம்புங்க. பஸ்ஸு போய்டும்."

நாய் நடுங்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.