சைக்கிளை உருட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். சூலூர் பக்கத்தில் ஒரு காலனியில் அப்போது குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தது. வயிற்றில் நாலு மாதம். கால்பந்தைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கார்னர் எதற்குத் தருகிறார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு டீம் தோற்றுப்போனால் அதை நம்பியிருக்கிற வீடுகளுக்குள் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு, ஆடினவர்களுக்கே தெரியாது.

எங்கள் காலனி ஆண்களின் அப்பாக்கள் எல்லாரும் அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். பிள்ளைகள் காலத்தில் அது மாறியிருந்தது. ஒருத்தர் மில்லுக்குப் போனார், ஒருத்தர் கொத்து வேலைக்குப் போனார், என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டினார். அவர்களாகச் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். ஊதா நிறப் பனியன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் செவன்ஸ் மேட்ச் நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம் அது. பாலக்காட்டுப் பக்கமிருந்துகூட டீம் வரும்.

என் வீட்டுக்காரர் ஆடுகிறவர் இல்லை. சின்ன வயதிலேயே முழங்கால் போய்விட்டது. ஆனால் ஒரு மேட்ச் விட மாட்டார். எலுமிச்சம்பழத்தைத் துண்டு போட்டுத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போய், இடைவேளையில் ஆளுக்கொரு துண்டு கொடுப்பதுதான் அவருடைய பதவி. அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

நான் ஆரம்பத்தில் நிறையக் கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் நானும் கூடப் போனேன். மைக்கில் எங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி வர்ணிக்கிறார்கள். எங்கள் கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது, காரில் வந்து இறங்கிய பெரிய தோட்டத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் பந்தைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அன்றோடு கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

ஜெயித்தால் ஒரு வழக்கம், தோற்றால் ஒரு வழக்கம். மைதானத்திலிருந்து எங்கள் காலனி மூன்று கிலோமீட்டர். ஜெயித்த அன்று எல்லாரும் சைக்கிளில் ஏறி, மணியை விடாமல் அடித்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் வந்துவிடுவார்கள். தோற்ற அன்று யாரும் சைக்கிளில் ஏற மாட்டார்கள். அத்தனை பேரும் உருட்டிக்கொண்டு நடந்தே வருவார்கள். ஏறி மிதித்தால் தப்பித்து ஓடுகிற மாதிரி இருக்குமாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெண்கள் நாங்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்று ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டிருப்போம். மணிச் சத்தம் கேட்டால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைப்போம். கேட்காவிட்டால் பேசாமல் வீட்டுக்குள் போய்விடுவோம்.

அந்த வருடம் மணிச் சத்தமே கேட்கவில்லை. ஏதோ கண் பட்டுவிட்டது என்றார்கள். முதல் மேட்ச்சில் தோற்றார்கள், இரண்டாவதிலும் தோற்றார்கள், அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஒருத்தர் சாமிமேல் கோபித்துக்கொண்டு மாதா கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார். மில்லுக்குப் போகிறவர் அங்கே சூப்பர்வைசரிடம் வம்புக்குப் போய் நாலு நாள் வீட்டில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரருக்குத் தறியில் கவனம் நிற்கவில்லை; இழை அறுந்து ஓடுவதைக்கூடப் பார்க்காமல் நின்று முதலாளியிடம் திட்டு வாங்கினார். ஞாயிறு சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் செவ்வாய்க்கிழமைதான் முகத்தில் களை வரும். பக்கத்து வீட்டு அக்காதான் கோல்கீப்பரின் மனைவி. "தோத்த அன்னைக்குக் கறி எடுத்தா நாய்க்குத்தான் கொண்டாட்டம் கண்ணு" என்பார். அவர் வீட்டில் மூன்று வாரம் அதுதான் நடந்தது.

இதனால் பெண்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று வந்துவிட்டது. தோற்ற அன்று வீட்டுக்காரரிடம் எந்தக் கஷ்டமும் சொல்லக் கூடாது. அடுப்பு ரிப்பேரா, பிள்ளைக்குக் காய்ச்சலா, பிறந்த வீட்டிலிருந்து கடிதமா, எதுவானாலும் மறுநாளைக்குத்தான். ஆண்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தர்கூடத் தோற்றுவிட்டு வந்து மனைவியை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசினதில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் நாங்களே போட்டுக்கொண்டதுதான்.

கடைசி மேட்ச் வந்தது. அதில் ஜெயித்தால்தான் அடுத்த வருடம் எங்கள் டீமைச் சேர்ப்பார்கள். கடைசி இடத்துக்குப் போகிற டீமுக்கு இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று காலையில் பூசை முடிந்து வரும்போதே எனக்கு இடுப்பு பிடித்த மாதிரி இருந்தது. மத்தியானம் அவர் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னேன்.

"ஏனுங்க, இடுப்பு ஒருமாதிரி வலிக்குதுங்க."

"வெயில்ல நடந்தது அம்மணி. செத்த நேரம் படுத்து எந்திரி. இன்னைக்கு செயிச்சுப்போட்டு வந்து உன்னைய டாக்டரம்மாகிட்டயே கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்குப்போசியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்துப் போனார்.

கடைசி மேட்ச் என்பதால் காலனியே மைதானத்துக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் போய்விட்டார். நாலரை மணி இருக்கும், சேலையில் ரத்தம் பட்டிருப்பதைப் பார்த்தேன். கொஞ்சம்தான். கூப்பிட ஆளில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜெயித்தால் ஆறு மணி. தோற்றால் ஏழாகும். அந்த நேரத்திலும் இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஆறு மணி ஆனது. மணிச் சத்தம் இல்லை. ஆறே கால், ஆறரை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வளைவில் ஊதா பனியன்கள் தெரிந்தன. அத்தனை பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள். முன்னால் கோல்கீப்பர், தலை தொங்கிப்போய்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றில் இருந்த பிள்ளையை நினைத்து வந்த அழுகை இல்லை. ஐயோ, தோற்றுவிட்டார்களே என்றுதான் அழுதேன். ஒரு நிமிடம் என் வலியே எனக்கு மறந்துபோனது.

அவர் சைக்கிளை நிறுத்தினார். தூக்குப்போசியில் பாதி எலுமிச்சைத் துண்டுகள் அப்படியே இருந்தன. யாருக்கும் வாயில் வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. முடிகிற நேரத்தில் பெனால்டி கொடுத்துவிட்டார்களாம். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்து இன்னொரு பக்கம் போய்விட்டது.

"முடிஞ்சுபோச்சு அம்மணி. இனி நம்மள சேத்த மாட்டாங்க" என்றார். கைகால் கழுவிவிட்டு வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"இடுப்பு வலி எப்படியிருக்குது?"

"பரவால்லீங்க" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் எத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் கேட்டார். அத்தனை துக்கத்திலும் மறக்காமல் கேட்டார். "ரத்தம் படுதுங்க" என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருப்பார். டீமாவது மண்ணாவது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. இன்றைக்குத் தோற்றுவிட்டு வந்திருக்கிறார், இதையும் எப்படிச் சொல்வது, விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நல்ல பெண்டாட்டி என்ற பெருமை. எரிச்சலாக வருகிறது இப்போது நினைத்தால்.

விடிகாலையில் ஷிஃப்டுக்குப் போக அவர் எழுந்து விளக்கைப் போட்டார். என் பாயைப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். "ஏங்கண்ணு, எப்பிருந்து? என்னையக் கூப்புடறதுக்கென்ன?" என்று தலையில் அடித்துக்கொண்டார். முந்தின நாளிலிருந்து யாரிடமும் முகம் கொடுக்காமல் கிடந்த கோல்கீப்பர்தான் மெயின் ரோட்டுக்கு ஓடி, ஒரு பால் வேனை மறித்துக் கொண்டுவந்தார். பால் கேன்களுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். பார்த்து முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அப்புறம், ரத்தம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு என்றேன்.

"அப்பவே ஏம்மா வரலை?"

என்ன சொல்கிறோம் என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

"நேத்து எங்க டீம் தோத்துப் போச்சுங்க டாக்டர்."

டாக்டர் நர்சைப் பார்த்தார். நர்ஸ் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், ஜன்னி கண்டு உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். அந்த அறையில் அது புரிந்த ஆள் ஒருத்தர்தான் இருந்தார். கால்மாட்டில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலமே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அப்புறம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பிழைத்திருக்காது என்று ஒரே அடியாகச் சொல்லியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்றாம் நாள் டவுன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். சிங்காநல்லூர் தாண்டும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நான் கேட்டனே கண்ணு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் பல நாள், தறிக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டுதான் போனார். வழியில் பார்க்கிறவர்கள், "ஏனுங்க, பஞ்சருங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடப்பாராம். அக்கா வந்து என்னிடம் சொல்லி அழுதார்.

டீம் அந்த வருடத்தோடு கலைந்துபோனது. பனியன்கள் கொஞ்ச நாள் கொடியில் காய்ந்தன, அப்புறம் வண்டி துடைக்கும் துணியாகிவிட்டன. பெண்கள் போட்டுக்கொண்ட சட்டமும் போனது. எங்களுக்கு இரண்டு தடவை மறுபடியும் தரித்தது, இரண்டும் தங்கவில்லை. அவர் உடன்பிறந்தவர் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தோம். எல்லாரையும் போல வாழ்ந்தோம் என்றுதான் வெளியில் சொல்கிறேன்.

இப்போது டி.வி.யில் எந்த நாட்டு மேட்ச்சோ ஓடுகிறது. யார் பெற்ற பிள்ளைகளோ தோற்றுப்போய்ப் புல்தரையில் படுத்து அழுகிறார்கள். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே அம்மணி?" என்று கேட்கிறார். தலைவலி என்றால் தலைவலி என்கிறேன், முழங்கால் என்றால் முழங்கால் என்கிறேன், எதையும் மறைப்பதில்லை. ஒரு நிமிடத்தில் எழுந்து தைலம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

"வலிக்குதுங்க" என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. சொல்லியே தீர வேண்டிய அந்த ஒரு சாயங்காலத்தில் மட்டும் நான் சொல்லவில்லை.