ஹைபிரிட் காரின் பெட்ரோலைக் குடித்தது யார்?

கார் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு வாடிக்கையாளர் மேல் சந்தேகம். வாடிக்கையாளருக்கு ஊரில் உள்ள எல்லார் மேலும் சந்தேகம். கிள்ளானில் ஹைபிரிட் கார்களுக்குச் சர்வீஸ் எழுதுகிறவன் நான். "லிட்டருக்கு இருபத்தஞ்சு ஓடும்னீங்க, பதினாலுதான் ஓடுது" என்ற பாட்டைக் கேட்காமல் எனக்கு ஒரு காலையும் விடிந்ததில்லை. இதே தொழிலில் காது தேய்ந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் போன வருடம் அந்தப் பாட்டால் ஒரு மனிதரின் வேலையே போகப் பார்த்தது. அதற்குமுன் இரண்டு சின்ன வழக்குகள்.

குலுக்கல்

போர்ட் கிள்ளான் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒருவர், இன்ஜினை மாற்றிவிட்டோம் என்றே சண்டைக்கு வந்தார். எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். போன தடவை மழையாம், பம்ப் தானாக நின்றதும் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை காரைக் குலுக்கிக் குலுக்கிக் கழுத்துவரை ஊற்றியிருக்கிறார். கூடுதலாகப் போனது டேங்கில்தான் இருக்கிறது, கார் குடிக்கவில்லை என்று விளக்கினேன். இனிக் குலுக்காதீர்கள் என்றதும் முகம் வாடிவிட்டது.

"பத்து தடவ குலுக்காம விட்டா டேங்க் நெறஞ்ச மாதிரியே இல்ல, பாஸ்."

கணவர் ஓட்டினால் இருபத்திரண்டு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தம்பதி. அவர் ஓட்டினால் இருபத்திரண்டு காட்டுகிறதாம், மனைவி ஓட்டினால் பதினாறு. மனைவிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று என் வாயால் சொல்ல வைக்கத்தான் அவரைக் கூட்டிவந்திருந்தார். எனக்குக் கணவர் மேலேயே சந்தேகம். ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டவுன் ஜாமைத் தாண்டி, இன்ஜின் சூடேறி, நெடுஞ்சாலையில் ஏறியதும் மனிதர் மைலேஜ் மீட்டரை அழித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். பின்சீட்டிலிருந்து அக்கா பேசினார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் தம்பி. அவருக்குப் பட்டன் அமுக்கத் தெரியும்."

ஒரு தாள் போதும்

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசர், மூர்த்தி அண்ணன். அவர் கார் பதினொன்றுக்கு மேல் தாண்டவில்லை. வந்து உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். அங்கே வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா, நேபாளத்துக்காரர், அவர்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறாராம். ஆளை அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. காரில் கோளாறு இல்லை என்று நான் ஒரு தாள் கொடுத்தால், வெள்ளிக்கிழமையோடு அந்த மனிதருக்கு வேலை இல்லை.  உறிஞ்சும்போது நேரில் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாக்கணுமா? அவனே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டான் லா."

மூன்று பீப்

காரைச் சோதிக்க வெளியே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் ஏர்கோன் காற்று. மீட்டரெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை நிரப்ப இன்ஜின் தானாக உறுமியது. அண்ணன் உள்ளே கால் மணி நேரமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், சாவி அவர் சட்டைப்பையில்!

"எறங்குனதும் மூணு தடவ பீப் அடிச்சுதே, தானா பூட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்றார். என்னை அணைக்காமல் போகிறாயே என்று கார் கத்திய கத்தல் அது. பட்டன் அமுக்கி அணைக்க வேண்டிய, சத்தமில்லாத கார் என்பதால் அவசரமாக இறங்கும் நாளெல்லாம் இப்படித்தான் விட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் சீட் ஜில்லென்று இருந்தால், நிழலில் நின்றதால் என்று நினைப்பாராம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த ஜாகா அப்படி என்னதான் வாயைக் கொடுத்தார் என்று கேட்டேன். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"பின்னாலயே ஓடி வந்து, 'பாஸ், இன்ஜின் ஹிடுப்', இன்ஜின் ஓடுதுன்னு சொல்லுவான். காரைத் தொடாதவனுக்கு அது எப்படித் தெரியும்னுதான் எழுதிக் கொடுத்தேன்."

அவர் கேட்ட தாளை அப்போதே எழுதினேன்: காரில் கோளாறு இல்லை, ஜாகாவிடமும் இல்லை, மிச்சம் இருக்கும் ஆள் யார் என்பதை மேனேஜரே கண்டுபிடித்துக்கொள்வார்.